காசோலைக்குப் பதில் அதன் படம்

நீங்கள் எழுதித் தந்த காசோலை பணமாகிவிட்டதா என்று இணையவழி வங்கிக் கணக்கைத் திறந்து பார்க்கும்போது, சில வங்கிகள் அந்தக் காசோலையின் படத்தையும் சேர்த்துக் காட்டுகின்றன. பதிவுக்காக எடுத்துவைத்த நகல் என்றே பலரும் அதை நினைத்துக்கொள்கிறார்கள். உண்மையில், பணம் பெற்றவர் வேறு வங்கியில் கணக்கு வைத்திருந்தால், உங்கள் வங்கி கண்டதும் அந்தப் படத்தை மட்டும்தான். காகிதம் அதனிடம் வரவே இல்லை.

முன்பெல்லாம் காசோலைகள் கட்டுக்கட்டாக, வங்கிகள் தங்களுக்குள் காசோலைகளைப் பரிமாறிக்கொள்ளும் தீர்வகத்துக்குப் போய், அங்கே பிரிக்கப்பட்டு, எழுதியவரின் வங்கியைச் சென்றடையும். வெளியூர்க் காசோலையானால் நாள்கணக்கில் காத்திருக்க வேண்டும். காசோலையின் மின்னணுப் படத்துக்குச் சட்ட ஏற்பு தரும் திருத்தம் 2002-இல் வந்தது. அதன் பின் ரிசர்வ் வங்கி, காகிதத்துக்குப் பதில் படத்தையே அனுப்பும் சி.டி.எஸ். (Cheque Truncation System) என்னும் முறையை 2008 பிப்ரவரியில் புதுதில்லியிலும், 2011 செப்டம்பரில் சென்னையிலும், 2013 ஏப்ரலில் மும்பையிலும் தொடங்கியது. அமெரிக்காவில் இதற்கு வேகம் தந்தது ஒரு பேரிடர்: 2001 செப்டம்பர் தாக்குதலை அடுத்து விமானங்கள் நிறுத்தப்பட்டபோது, அவற்றில் செல்ல வேண்டிய காசோலைகளும் முடங்கிப்போயின. படத்துக்கு வழிவிடும் சட்டம் அங்கே 2004 அக்டோபரில் நடைமுறைக்கு வந்தது.

பணம் பெறுபவர் காசோலையைத் தம் வங்கியில் போட்டதும் அது ஸ்கேனருக்குள் செல்கிறது. கீழ்ப்பட்டையிலுள்ள எண்கள் இரும்பு ஆக்சைடு கலந்த மையால் அச்சிடப்பட்டவை. கருவி அந்த மையைக் காந்தமாக்கி, ஒவ்வோர் எண்ணின் வடிவமும் எழுப்பும் குறிகையை (சிக்னலை) கொண்டு அதை அடையாளம் காண்கிறது. அதனால் எண்ணின் மீது ரப்பர் முத்திரையின் மை படிந்திருந்தாலும் படிக்க முடிகிறது. ஆறு இலக்கக் காசோலை எண்ணை அடுத்து வரும் ஒன்பது இலக்கங்களில் முதல் மூன்று ஊரையும், அடுத்த மூன்று வங்கியையும், கடைசி மூன்று கிளையையும் குறிக்கின்றன. சென்னைக்கு 600.

அதே ஓட்டத்தில் மூன்று படங்கள் எடுக்கப்படுகின்றன. முன்பக்கத்துக்கு, அங்குலத்துக்கு 100 புள்ளி வீதம் 256 சாம்பல் நிலைகள் கொண்ட படம் ஒன்று; முன், பின் இரு பக்கங்களுக்கும் அங்குலத்துக்கு 200 புள்ளி வீதம் கறுப்பு வெள்ளைப் படம் ஒவ்வொன்று. ஏறத்தாழ 202 மில்லிமீட்டர் நீளமும் 92 மில்லிமீட்டர் அகலமும் உள்ள காசோலை, கறுப்பு வெள்ளையில் சுமார் 11.5 இலட்சம் புள்ளிகளாகிறது. ஒரு புள்ளிக்கு ஒரு பிட் போதும் என்பதாலும், நீண்ட வெள்ளைத் தொடர்களைச் சுருக்கிவிடலாம் என்பதாலும் கோப்பு மிகச் சிறியதாகிவிடுகிறது. ஆனால் இப்படத்தில் ஒவ்வொரு புள்ளியும் கறுப்பு அல்லது வெள்ளை என்றே தீர்மானிக்கப்படுவதால், வெளிர் மையில் எழுதியது அப்படியே மறைந்துபோகக்கூடும். கையெழுத்தின் அழுத்தமும் மென்மையும் சாம்பல் படத்தில்தான் தெரியும். கருநீலத்திலோ கறுப்பிலோ எழுதுங்கள் என்று வங்கிகள் வற்புறுத்துவதன் காரணம் இதுவே. தேதியைச் சரிசெய்வது தவிர வேறு அடித்தல் திருத்தங்கள் ஏற்கப்படாததும் இதனோடு தொடர்புடையது, ஏனெனில் சுரண்டி எழுதிய தடத்தைக் காகிதத்தில் விரலால் உணரலாமே தவிரப் படத்தில் உணர முடியாது.

இங்கே ஒரு பொறுப்பு இடம்மாறியிருப்பதைக் கவனிக்க வேண்டும். வெளிச்சத்தில் பிடித்தால் தெரியும் நீரோட்டக் குறியும், புற ஊதா ஒளியில் மட்டும் ஒளிரும் வங்கிச் சின்னமும் இந்தப் படங்களில் பதிவாவதில்லை. ஆகவே காகிதத்தின் உண்மைத்தன்மையைச் சோதிப்பது அதைப் பெற்றுக்கொள்ளும் வங்கியின் கடமையாகிறது. எழுதியவரின் வங்கி கையெழுத்தையும் தொகையையும் இருப்பையும் மட்டும் பார்க்கிறது. வழியில் யாரும் படத்தை மாற்றவில்லை என்பதற்கு, அனுப்பும் வங்கியின் மின்னணுக் கையொப்பம் அதனுடன் சேர்ந்தே போகிறது.

2025 அக்டோபர் 4 முதல், பெற்ற காசோலைகளை ஒரு தொகுதியாகச் சேர்த்து அனுப்புவது நின்று, பகலில் குறிப்பிட்ட நேரத்துக்குள் ஸ்கேன் ஆனவுடனேயே படங்கள் அனுப்பப்படுகின்றன. காகிதமோ, நீங்கள் யாருக்கு எழுதித் தந்தீர்களோ அவருடைய வங்கியின் காப்பில்தான் இருக்கிறது.