குளுவான் கூட்டத்துக்குள் ஓர் எலக்ட்ரான்

புரோட்டானுக்குள் மூன்று குவார்க்குகள் என்று பள்ளியில் படித்திருப்போம். தப்பில்லை, ஆனால் அது பாதிக் கதைகூட இல்லை. அந்த மூன்றின் சொந்த நிறையைக் கூட்டினால் புரோட்டானின் நிறையில் ஏறக்குறைய 1 சதவீதம்தான் தேறும். மிச்சமெல்லாம் குவார்க்குகளின் ஓட்டத்திலும் அவற்றைக் கட்டிவைக்கும் குளுவான்களிலும் இருக்கும் ஆற்றல்.

ஒளித்துகளான ஃபோட்டானுக்கு மின்னூட்டம் கிடையாது. அதனால் இரண்டு ஒளிக்கற்றைகள் ஒன்றையொன்று சீண்டாமல் கடந்துவிடும். குளுவான் அப்படியல்ல. தான் சுமக்கும் விசைக்குத் தானே ஆட்படும். ஒன்று இரண்டாகப் பிரியும், அந்த இரண்டும் மறுபடி பிரியும். சும்மா இருக்கும் புரோட்டானில் இவை தோன்றிய கணமே மறைந்துவிடும். ஆனால் ஒளி வேகத்தை ஒட்டி ஓடும் புரோட்டானின் கடிகாரம் நம் பார்வையில் மெதுவாகிவிடுகிறது. கணநேரக் குளுவான்கள் அப்படியே உறைந்து நிற்பதுபோல் ஆகிவிடும். எண்ண வேண்டுமென்றால் அப்போதுதான் எண்ண வேண்டும்.

எதை வைத்து எண்ணுவது? எலக்ட்ரானை வைத்து. இரண்டு புரோட்டான்களை மோதவிட்டால் இரு பக்கமும் உடைசல், எது எதில் இடித்தது என்று பிரித்தறிவது பெரும்பாடு. எலக்ட்ரானுக்கோ, நாம் அறிந்தவரை, உள்ளுறுப்பே இல்லை. ஒரு குவார்க்கைத் தட்டிவிட்டு அது விலகிப் போகும். எந்தக் கோணத்தில், எவ்வளவு ஆற்றலோடு போனது என்று அளந்தால் போதும். தட்டுப்பட்ட குவார்க் புரோட்டானின் உந்தத்தில் எத்தனை பங்கைச் சுமந்தது என்பது கணக்கில் வந்துவிடும். குளுவானை எலக்ட்ரான் நேரடியாகத் தொடாது. குளுவான் பிரிந்து உண்டாகும் குவார்க் இணைகள்தான் அதைக் காட்டிக்கொடுக்கும்.

ஜெர்மனியின் ஹாம்பர்க் நகரில் ஹெரா மோதுவி (துகள்களை வேகமாக ஓடவிட்டு மோதவைக்கும் இயந்திரம்) 1992 முதல் 2007 வரை இதைத்தான் செய்தது. உந்தப் பங்கு ஆயிரத்தில் ஒன்று, பத்தாயிரத்தில் ஒன்று என்று குறையக் குறைய, குளுவான்கள் மளமளவென்று பெருகின. இப்படியே பெருகிக்கொண்டே போக முடியாது. நெருக்கம் கூடினால் இரண்டு குளுவான்கள் ஒன்றாகச் சேரவும் தொடங்க வேண்டும். பிரிவதும் சேர்வதும் ஈடாகும் அந்த நிலைதான் தெவிட்டுநிலை. கோட்பாடு அடித்துச் சொல்கிறது, ஐயத்துக்கு இடமில்லாத சான்றுதான் இன்னும் கையில் இல்லை.

அதற்குத்தான் தங்கம். அதன் அணுக்கருவில் புரோட்டான், நியூட்ரான் சேர்ந்து 197. வேகத்தில் அது தட்டையாக நசுங்கியதுபோல் ஆகி, முன்னும் பின்னுமாக இருப்பவற்றின் குளுவான்கள் ஒன்றின்மேல் ஒன்று படியும். அணுக்கரு ஒரு உருண்டை என்பதால், ஒரு வரிசையில் முன்பின்னாக எத்தனை இருக்கும் என்பதற்கு 197-இன் கனமூலத்தை எடுக்கலாம், ஏறக்குறைய 6; தோராயமாக அத்தனை மடங்கு அடர்த்தி, கூடுதல் ஆற்றல் செலவில்லாமலேயே கிடைக்கிறது. என்னைக் கேட்டால், தங்கத்தை எடுத்துக்கொள்வதன் அழகே இதுதான். நியூயார்க் மாநிலத்தின் புரூக்ஹேவன் ஆய்வகத்தில், ஏற்கெனவே இருக்கும் 3.8 கிலோமீட்டர் வளையச் சுரங்கத்திலேயே, தங்கம் போன்றவற்றின் அணுக்கருக்களோடு எலக்ட்ரானை மோதவிடும் எலக்ட்ரான்-அயனி மோதுவியை அமைப்பது என்று 2020-இல் முடிவானது.

சரி, தெவிட்டுநிலை வந்துவிட்டதென்று எப்படித் தெரியும்? புரோட்டான் அசையாமல் இருப்பதாக வைத்துக்கொண்டால், ஹெராவில் அதன்மேல் மோதிய எலக்ட்ரானின் ஆற்றல் 50 லட்சம் கோடி எலக்ட்ரான்வோல்ட்டுக்கும் மேல். அவ்வளவு பலமாக இடித்தும், ஏறக்குறைய பத்தில் ஒரு மோதலில் புரோட்டான் உடையாமல் முழுசாக வெளியே வந்தது! தங்க அணுக்கரு தெவிட்டியிருந்தால், இப்படி உடையாமல் தப்பும் மோதல்களின் பங்கு இன்னும் கூட வேண்டும். புரூக்ஹேவனில் முதலில் எண்ணப்போகிறவற்றில் இதுவும் ஒன்று.