வலிடேஷன்: செல்லுபடி பார்த்தல்

இணையப் படிவத்தில் நிரப்பியதை ஏற்கலாமா, திருப்பி அனுப்பலாமா என்று ஸ்கிரிப்ட் (பக்கத்தில் ஓடும் சிறு நிரல்) பார்க்கிறதே, அதுதான் வலிடேஷன். பலமானது என்று பொருள்படும் ‘வாலிடஸ்’ என்ற இலத்தீன் சொல்லில் இருந்து வந்தது. சட்டத்தின் முன் நிற்கக்கூடியது என்ற பொருள் பிறகு ஏறியது. தமிழில் ‘வலி’க்கும் பலம் என்ற பொருள் உண்டு. அதற்காக உறவு கொண்டாட வேண்டாம், தற்செயல்தான்.

இலங்கை அரச ஆவணங்களில் ‘வலிதான’ என்ற சொல் புழங்குவதால் சிலர் ‘வலிதாக்கல்’ என்கிறார்கள். எனக்கு ஒட்டவில்லை. ஸ்கிரிப்ட் எதையும் வலிதாக்குவதில்லை, பார்க்க மட்டுமே செய்கிறது. ‘சரிபார்த்தல்’, தகவல் உண்மைதானா என்று உறுதிசெய்யும் வெரிபிகேஷனுக்குப் பொருந்தும். உதாரணமாக, இலங்கையின் புதிய அடையாள அட்டை இலக்கத்துக்கு 12 இலக்கங்கள். பழையதற்கு 9 இலக்கங்களும் வீ அல்லது எக்ஸ் எழுத்தும். அப்படி இருந்தால் படிவம் விட்டுவிடும். அது உங்களுடையதுதானா என்பது வேறு கேள்வி. செல்லாக்காசில் இருக்கும் அதே ‘செல்’தான் இங்கே வேண்டியது: செல்லுபடி பார்த்தல்.

எண் பெட்டிகளில்தான் கரைச்சல் கூட. பெட்டியின் மதிப்பு ஸ்கிரிப்டுக்கு எழுத்துச்சரமாகவே, அதாவது கணக்குப் போடும் எண்ணாக அல்லாமல் எழுத்துகளின் வரிசையாகவே வரும். அம்பாறையில் ஒருவர் நெல் விற்ற தொகையை ‘1,500’ என்று காற்புள்ளியோடு அடித்தால், அதை எண்ணாக மாற்றும் ஜாவாஸ்கிரிப்டின் நம்பர் சார்பு ‘எண் அல்ல’ என்று கையை விரிக்கும். பெட்டியை வெறுமையாக விட்டாலோ, 0 என்று எடுத்துக்கொள்ளும்! ஆகவே ‘எண் அல்ல’ என்று வருகிறதா என மட்டும் பார்க்கும் சோதனையில் வெற்றுப் பெட்டி தாராளமாக உள்ளே போய்விடும். முதலில் வெறுமையா என்று பார்த்து, அப்புறம் எண்ணா என்று பாருங்கள். உலாவியின் கன்சோலில், மதிப்பின் வகையைச் சொல்லும் டைப்ஆஃப் போட்டுத் தேடுவதும் உதவாது: அந்த ‘எண் அல்ல’வின் வகையும் நம்பர் என்றே பதில் வரும். போதாததற்கு அது தனக்குத் தானே சமமும் இல்லை.

தொலைபேசி இலக்கம் இன்னொரு பொறி. மட்டக்களப்பின் 065இல் தொடங்குவதை எண்ணாக மாற்றினால் முன்னால் உள்ள 0 போய்விடும். பழைய உலாவிகளில், எழுத்துச்சரத்தை முழு எண்ணாக்கும் பார்ஸ்இன்ட் சார்பு, 0இல் தொடங்குவதை எட்டை அடியாகக் கொண்ட எண்ணாகப் படித்து, 065ஐ 53 ஆக்கியதும் உண்டு. அம்பாறையின் 063 அங்கே 51. 2009இல் வந்த ஈசிஎம்ஏஸ்கிரிப்ட் 5 (ஜாவாஸ்கிரிப்டுக்கான தரநிலையின் ஐந்தாம் பதிப்பு) அந்த வழக்கத்தை நிறுத்தியது. கூட்டிக் கழிக்கப் போகாத இலக்கத்தை எழுத்துச்சரமாகவே வைத்துக்கொண்டு, 0இல் தொடங்கும் பத்து இலக்கங்களா என்று பார்த்தால் சரி.