திரையில் எண் கிட்டத்தட்ட இரட்டிப்பானது, கைக்கு ஏன் தெரியவில்லை?

போன வாரம் ஒரு கல்லூரி மாணவர் கேட்டிருந்தார்: "சார், புது மதர்போர்டும் கிராபிக்ஸ் கார்டும் வாங்கினேன். கேமில் ஃபிரேம் ஜெனரேஷன் என்று ஒன்று இருந்தது. ஆன் செய்ததும் நொடிக்கு 60 ஃபிரேம் என்று காட்டிக்கொண்டிருந்தது 110 ஆகிவிட்டது. ஆனால் சுடும்போது கைக்கு முன்பைவிடக் கொஞ்சம் மந்தமாகத்தான் இருக்கிறது. போர்டில் கோளாறா?"

போர்டில் கோளாறு ஒன்றும் இல்லை. ஃபிரேம் என்பது திரைக்கு வரும் ஒரு படம், அவ்வளவுதான். அவர் கை சொல்வதும் சரி. ஏன் என்று சொல்ல 2012-க்குப் போக வேண்டும்.

அந்த ஆண்டு ஏப்ரலில் இன்டெலின் இசட்77 சிப்செட், அதாவது மதர்போர்டின் பாகங்களை இணைக்கும் சில்லு, வெளியானது. அந்தப் போர்டுகள் பலவற்றோடு விர்ச்சு எம்விபி என்ற மென்பொருளும் வந்தது. எழுதியது லூசிட் என்ற இஸ்ரேலிய நிறுவனம். அப்படி ஒரு போர்டு என் மேசைக்கு வந்தபோது வழக்கமான சோதனைகளை முதலில் முடித்தேன்: ராத்திரி முழுக்க மெமரி டெஸ்ட், கார்டு தரவு போகும் 16 லேனிலும் (பாதையிலும்) ஓடுகிறதா, பிராசசர் எவ்வளவு சூடாகிறது. எல்லாம் சரி. அப்புறம் விர்ச்சுவை நிறுவி, ஹைப்பர்ஃபார்மன்ஸ் என்ற பொத்தானை ஆன் செய்தேன். நொடிக்கு எத்தனை ஃபிரேம் என்று திரை மூலையில் காட்டும் எண் சரசரவென்று ஏறியது. கார்டு அதேதான், அதன் வேகத்தைக் கூட்டும் ஓவர்கிளாக் எதுவும் செய்யவில்லை. கார்டின் விசிறிச் சத்தம்கூட மாறவில்லை. அந்தச் சத்தம்தான் என்னை யோசிக்க வைத்தது. வேலை கூடவில்லை என்றால் எண் மட்டும் எப்படிக் கூடுகிறது?

மானிட்டர் ஒரு படத்தை ஒரே அடியாகக் காட்டுவதில்லை. மேலிருந்து கீழாக, வரிக்கு வரி புதுப்பித்துக்கொண்டு வருகிறது. நொடிக்கு 60 முறை புதுப்பிக்கும் 60 ஹெர்ட்ஸ் மானிட்டர் என்றால் 1080 வரிகளையும் முடிக்க 16.7 மில்லி விநாடி ஆகும். கிராபிக்ஸ் கார்டு தானாக இந்தக் கணக்குக்குக் காத்திருப்பதில்லை. வரைந்து முடித்ததும் அடுத்த படத்தைத் தள்ளிவிடும். மானிட்டர் பாதித் திரையில் இருக்கும்போது படம் மாறினால், மேல்பாதியில் பழைய படம், கீழ்பாதியில் புதுப் படம். கேமில் சட்டென்று திரும்பும்போது கதவின் நிலை நடுவில் வெட்டி நகர்த்தியது போல் தெரிவது இதனால்தான். இரண்டு தாளாக ஒட்டும் சுவரொட்டியில் கீழ்த்தாள் ஓரங்குலம் தள்ளிப்போனால் எப்படி இருக்குமோ அப்படி. இதற்கு டியரிங் என்று பெயர்.

சரி, கார்டு நொடிக்கு 180 படம் வரைகிறது என்று வைத்துக்கொள்வோம். மானிட்டர் ஒருமுறை மேலிருந்து கீழே வருவதற்குள் மூன்று படங்கள் மாறிவிடும். ஒவ்வொன்றையும் கார்டு 1080 வரியும் முழுதாக வரைந்தது. நம் கண்ணுக்கு வந்தது சராசரியாக 360 வரி. நேரம் சீராக இல்லாவிட்டால் சில படங்களுக்கு 20 வரிதான் கிடைக்கும். 22 அங்குலத் திரையில் அது வெறும் அரை சென்டிமீட்டர் பட்டை. அந்தப் பட்டைக்காகக் கார்டு ஒரு முழுப் படத்தின் உழைப்பைக் கொட்டியிருக்கிறது.

ஹைப்பர்ஃபார்மன்ஸ் கைவைத்தது இங்கேதான். கேமுக்கும், கார்டை இயக்கும் மென்பொருளான டிரைவருக்கும் நடுவில் அது உட்கார்ந்துகொள்ளும். கேம் "இந்தப் படத்தை வரை" என்று கட்டளை அனுப்பும்போது, இந்தப் படம் திரைக்கு முழுதாக வருமா என்று நேரத்தை வைத்துக் கணிக்கும். வராது என்று தோன்றினால் கார்டிடம் சொல்லாமலே "வரைந்தாயிற்று" என்று கேமுக்குப் பதில் கொடுத்துவிடும். கேம் உடனே அடுத்த படத்துக்குப் போகும். மூலையில் இருக்கும் கவுன்ட்டர் கேம் எத்தனை முறை படத்தை ஒப்படைத்தது என்றுதான் எண்ணுகிறது. பந்தியில் உட்காராதவருக்கு இலை போடாமல் விட்டாலும், வாசலில் இருப்பவர் தலையை எண்ணிவிட்டார்.

இதை ஏமாற்று என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. கேம் ஒவ்வொரு சுற்றிலும் மவுஸைப் புதிதாகப் படிக்கிறது. வீண் படங்களைத் தாண்டிவிடுவதால், திரைக்கு வரும் படம் கையின் சற்றுப் புதிய அசைவிலிருந்து பிறக்கிறது. அழகான யோசனை அது. ஆனால் கவுன்ட்டர் எண்ணைக் கார்டின் பலம் என்று எடுத்துக்கொண்டால் கணக்கு தப்பிவிடும்.

அப்படியானால் கண்ணுக்கு உண்மையில் வந்ததை எப்படி அளப்பது? இங்கே எனக்கு மிகவும் பிடித்த ஒரு கருவியைச் சொல்லியாக வேண்டும். 2013-இல் கிராபிக்ஸ் கார்டு நிறுவனமான என்விடியா எஃப்கேட் என்ற ஒன்றைச் சோதனையாளர்களுக்குக் கொடுத்தது. கேம் வரையும் ஒவ்வொரு படத்தின் இடது ஓரத்திலும் சேலைக் கரை போல ஒரு வண்ணப் பட்டை. 16 நிறங்கள், மாறாத வரிசையில். கார்டிலிருந்து மானிட்டருக்குப் போகும் சிக்னலை இன்னொரு கணினி அப்படியே பதிவு செய்யும். பிறகு அந்த ஓரத்தை மட்டும் பார்த்தால் போதும். நீலம் 400 வரி, பச்சை 12 வரி, மீதி சிவப்பு என்று ஒவ்வொரு படமும் பெற்ற இடம் அப்படியே தெரியும். வரிசையில் ஒரு நிறம் காணவில்லை என்றால் அந்தப் படம் திரைக்கே வரவில்லை. 21 வரிக்குக் குறைந்தவை கணக்கில் சேராது. போட்டியாளரான ஏஎம்டியின் இரட்டைக் கார்டு முறையில் பல கேம்களில் ஒன்றுவிட்டு ஒரு படம் இப்படி நூல் பட்டையாக வந்தது இதில் வெளியே தெரிந்தது. அதே ஆண்டு ஆகஸ்டில் ஏஎம்டி டிரைவரைத் திருத்தியது. இதற்கெல்லாம் முன்பே, 2011-இல், நொடிக்கு எத்தனை படம் என்று பார்க்காதீர்கள், ஒவ்வொரு படமும் எத்தனை மில்லி விநாடி எடுத்தது என்று பாருங்கள் என்று எழுதியவர் ஸ்காட் வாசன். அவர் அப்போது ஒரு வன்பொருள் விமர்சகர்.  

இனி மாணவரின் 110-க்கு வருவோம். இப்போதைய ஃபிரேம் ஜெனரேஷன், 2022-இல் வந்த என்விடியாவின் டிஎல்எஸ்எஸ் 3 போன்றது, விர்ச்சு செய்ததற்கு நேர் தலைகீழ். அன்று கேம் கணக்கிட்ட படத்தைக் கார்டு வரையவில்லை. இன்று கேம் கணக்கிடாத படத்தைக் கார்டு வரைகிறது. இரண்டு நிஜப் படங்களை எடுத்து, நடுவில் எது எங்கே இருந்திருக்கும் என்று ஊகித்து ஒரு படத்தைச் செருகுகிறது. 110-இல் பாதி, 55, ஊகப் படங்கள். நிஜப் படங்களும் 55. முன்பு 60 இருந்தது! ஊகிக்கும் வேலையே கார்டின் நேரத்தில் கொஞ்சம் தின்றுவிட்டது. போதாததற்கு, நடுப்படம் முதலில் போக வேண்டும் என்பதால் தயாராக இருக்கும் நிஜப் படத்தைச் சற்று நிறுத்திவைக்க வேண்டியிருக்கிறது. அந்த மந்தம் கற்பனை இல்லை.

கதைப்போக்கில் நிதானமாக ஆடும் கேம் என்றால் தாராளமாக ஆன் செய்யுங்கள், காட்சி உண்மையிலேயே வழுக்கிக்கொண்டு போகும். போட்டி கேமுக்கு வேண்டாம். நம்பிக்கை இல்லையென்றால் கையில் இருக்கும் போனே போதும். ஸ்லோமோஷனில் 240 ஃபிரேம் வைத்து, மவுஸும் திரையும் ஒரே படத்தில் விழும்படி எடுங்கள். விரல் பொத்தானை அழுத்திய ஃபிரேமிலிருந்து துப்பாக்கி முனையில் வெளிச்சம் வரும் ஃபிரேம் வரை எண்ணுங்கள். ஒன்று 4.2 மில்லி விநாடி, 20 வந்தால் சுமார் 83. ஆன் செய்து பத்து முறை, ஆஃப் செய்து பத்து முறை எண்ணிச் சராசரி எடுங்கள். ஒரே ஒரு தடவை எண்ணினால் போதாது. மானிட்டர் மேலிருந்து கீழே வரும் வழியில் எந்த வரியில் இருந்தபோது உங்கள் விரல் அழுத்தியது என்பதைப் பொறுத்தே நாலு ஃபிரேம் முன்னே பின்னே போகும்.