ஒயரைக் கழற்றினால் தொல்லை தீராது

பேட்டரி மேல் உள்ள ஒயரைக் கழற்றிவிட்டுப் படுத்துப்போய் என் பட்டறைக்கு வந்த வண்டிகளில், இந்த மாதத்தில் இது நான்காவது. ஒட்டன்சத்திரம் காய்கறிச் சந்தைக்கு லோடு ஏற்றும் பிக்கப். காலையில் ஸ்டார்ட் ஆகவில்லை என்று இன்னொரு வண்டியில் கயிறு கட்டி இழுத்து வந்தார்கள். பானெட்டைத் திறந்து பேட்டரியைப் பார்த்ததுமே விஷயம் புரிந்துவிட்டது. நெகட்டிவ் டெர்மினலில் கட்டைவிரல் அளவுக்கு ஒரு கருப்புப் பெட்டி இருக்கும். அதில் செருகியிருக்க வேண்டிய சாக்கெட்டைக் கழற்றி, பாலித்தீன் பையில் சுற்றி, நூல் போட்டுக் கட்டியிருந்தார்கள். நூல்! இன்சுலேஷன் டேப் ஒட்டக்கூட மனம் வரவில்லை.

"சிக்னலில் எஞ்சின் தானாக நிற்கிறது அண்ணே, அதற்காகத்தான் கழற்றினோம்" என்றார் ஓட்டுநர். ஸ்டாப்-ஸ்டார்ட் என்ற வசதியைத்தான் சொல்கிறார்: வண்டி நின்றால் எஞ்சின் தானாக அணையும், கிளட்ச்சை மிதித்தால் தானாக உயிர் பெறும். எனக்குக் கோபம் அவர் மேல் இல்லை. கழற்றிக் கொடுத்தவர் மேல்தான். அவரும் என் தொழில்காரர், ஒரு மெக்கானிக்.

நடந்தது இதுதான். மூன்று மாதத்துக்கு முன் தக்காளி லோடோடு ஒரு ரயில்வே கேட்டில் நின்றிருக்கிறார். நியூட்ரலுக்கு வந்து கிளட்ச்சை விட்டதும் எஞ்சின் வழக்கம்போல் அணைந்திருக்கிறது. கேட் திறந்து கிளட்ச்சை மிதித்தால் 'டக்' என்று ஒரு சத்தம், அவ்வளவுதான். பின்னால் வரிசையாக ஹாரன். நான்கு பேர் இறங்கித் தள்ளி ஸ்டார்ட் செய்திருக்கிறார்கள். அந்த அவமானத்தில், அடுத்த ஊரில் பார்த்த முதல் பட்டறையில் "இந்த ஸ்டாப்-ஸ்டார்ட்டே எனக்கு வேண்டாம்" என்று சொல்லியிருக்கிறார். இரண்டு நிமிட வேலை, இருநூறு ரூபாய். அதன் பிறகு சிக்னலில் எஞ்சின் நிற்கவே இல்லை. போன வாரம் வீட்டு வாசலில், விடியற்காலை மூன்று மணிக்கு, மொத்தமாகவே படுத்துவிட்டது.

மீட்டர் வைத்துப் பார்த்தேன்: 11.9 வோல்ட். முழுச் சார்ஜில் ஓய்வாக இருக்கும் பேட்டரி 12.6க்குக் குறையக் கூடாது. புது பேட்டரி வாங்கப் பணத்தோடுதான் வந்திருந்தார். கொஞ்சம் பொறுங்கள் என்று சொல்லிவிட்டு டெர்மினலைத் துடைத்துப் பார்த்தேன். முன்னால் கட்டிய இரண்டு கூடுதல் விளக்கு, பாட்டுப் பெட்டியின் ஆம்ப்ளிஃபையர், ஏர் ஹாரன், போனுக்குச் சார்ஜ் போட ஒரு இன்வெர்ட்டர்: நான்கின் எர்த் ஒயரும் (மின்சாரம் திரும்பி வரும் ஒயர்) நேராகப் பேட்டரியின் முனையிலேயே போல்ட் போட்டு முறுக்கப்பட்டிருந்தன.

இந்த இடத்தில்தான் எல்லோரும் தவறு செய்கிறார்கள், கொஞ்சம் நிதானமாகச் சொல்கிறேன். அந்தக் கருப்புப் பெட்டி ஸ்டாப்-ஸ்டார்ட்டின் சுவிட்ச் அல்ல. அது பேட்டரியின் கணக்குப்பிள்ளை. பேட்டரிக்குள் எவ்வளவு மின்சாரம் போகிறது, எவ்வளவு வெளியே வருகிறது, சூடு எவ்வளவு என்று ஓயாமல் அளந்து கம்ப்யூட்டருக்குச் சொல்லிக்கொண்டே இருக்கும். அந்தக் கணக்கை நம்பித்தான் வண்டி எஞ்சினை அணைக்கலாமா வேண்டாமா என்று முடிவு செய்கிறது. எஞ்சின் ஓடும்போது மின்சாரம் தயாரிக்கும் ஆல்டர்னேட்டர் எவ்வளவு சார்ஜ் கொடுக்க வேண்டும் என்பதும் அதே கணக்கில்தான் முடிவாகிறது. பழைய வண்டிகளின் ஆல்டர்னேட்டர் மாதிரி எந்நேரமும் ஏறக்குறைய ஒரே வோல்டேஜில் கொடுத்துக்கொண்டிருப்பதில்லை.

எர்த் ஒயரை அந்தப் பெட்டியைத் தாண்டி நேராகப் பேட்டரி முனையில் கட்டினால், அந்த விளக்கும் ஹாரனும் எடுக்கும் மின்சாரம் பாஸ்புக்கில் ஏறாத செலவு. அதைவிட மோசம் ஒன்று இருக்கிறது. வண்டி ஓடும்போது ஆல்டர்னேட்டர் அந்த விளக்குகளுக்கு அனுப்பும் மின்சாரத்தையும், பேட்டரிக்குப் போன வரவு என்றே பெட்டி எழுதிக்கொள்ளும். செலவு மறைகிறது, வராத வரவும் ஏறுகிறது. பேட்டரி நிறைந்திருக்கிறது என்று நம்பிக் கம்ப்யூட்டர் ரயில்வே கேட்டில் எஞ்சினை அணைத்தது. அதன் மேல் என்ன குற்றம்?

சாக்கெட்டைக் கழற்றியதும் என்ன ஆனது? பெரும்பாலான வண்டிகள் கணக்கு வராவிட்டால் ஸ்டாப்-ஸ்டார்ட்டை நிறுத்திவிட்டு, ஏதோ ஒரு நிலையான அளவில் சார்ஜ் கொடுத்துக்கொண்டு ஓடும். நோய் அப்படியே இருக்கிறது. சொல்லிக்கொண்டிருந்த வாயை மட்டும் கட்டிவிட்டோம்.

ஸ்டாப்-ஸ்டார்ட் திடீரென்று வேலை செய்யாமல் போனால் "நல்லது, தொல்லை விட்டது" என்று மகிழ்கிறவர்கள் இருக்கிறார்கள். எஞ்சின் சூடேறாதபோது, ஏசி முழு வேகத்தில் ஓடும்போது, புகைக்குழாயில் உள்ள புகை வடிகட்டி தன்னைச் சுத்தம் செய்துகொள்ளும்போது அது அணையாது, அதெல்லாம் இயல்பு. ஆனால் நன்றாகச் சூடேறிய வண்டி ஒரு வாரமாக எந்த சிக்னலிலும் அணையவில்லை என்றால், பேட்டரி தளர்கிறதா என்றுதான் முதலில் சந்தேகப்பட வேண்டும். அன்றைக்கே கொண்டுவாருங்கள். தள்ளிக்கொண்டு வரும் நாள் வரை காத்திருக்காதீர்கள்.

"அடிக்கடி ஸ்டார்ட் ஆனால் டீசல் கூடுதலாகக் குடிக்காதா, செல்ஃப் மோட்டார் தேயாதா" என்பது அடுத்த கேள்வி. குடிக்காது. பத்து வினாடிக்கு மேல் நிற்பதாக இருந்தால், ஓடவிடுவதைவிட அணைத்துப் போடுவதில்தான் எரிபொருள் மிச்சம். செல்ஃப் மோட்டாரும் இந்த வண்டிகளுக்கென்றே பல மடங்கு உறுதியாகச் செய்யப்பட்டது. பேட்டரியும் அப்படித்தான், அதனால்தான் 'அளவு ஒன்றுதான், இது விலை குறைவு' என்று கடைக்காரர் நீட்டும் சாதாரணப் பேட்டரியை வாங்காதீர்கள் என்கிறேன். பழைய பேட்டரியின் மேல் இஎஃப்பி என்றோ ஏஜிஎம் என்றோ (இரண்டும் இந்த வண்டிகளுக்கு ஏற்ற உறுதியான பேட்டரி வகைகள்) போட்டிருந்தால் புதியதிலும் அதுவே இருக்க வேண்டும். சில வண்டிகளில் புது பேட்டரி போட்டதை, ஸ்கேனர் கருவியை மாட்டி வண்டியின் கம்ப்யூட்டரில் பதிந்தாக வேண்டும். கேட்டு வாங்குங்கள்.

இன்னொரு குறுக்கு வழி பானெட் சுவிட்ச். பானெட் திறந்திருந்தால் எஞ்சின் தானாக உயிர் பெறக் கூடாது என்பதற்காக வைத்தது. சிலர் அதன் சாக்கெட்டைக் கழற்றி, பானெட் எப்போதும் திறந்தே இருப்பதாக வண்டியை ஏமாற்றுகிறார்கள். வேறு சிலர் எச்சரிக்கை விளக்கை அணைக்க, அதே சுவிட்ச்சை ஷார்ட் செய்து, எப்போதும் மூடியிருப்பதாகக் காட்டுகிறார்கள். இரண்டாவது கொலைபாதகம். இரண்டு ஆண்டுக்கு முன் என் பட்டறைக்கு அப்படி ஒரு வண்டி வந்தது. தானாக அணைந்த எஞ்சினை 'ஆஃப்' என்று நினைத்து, என் பையன் எஞ்சின் பெல்ட்டைத் தொட்டுப் பார்த்துக்கொண்டிருந்தான். சீட் பெல்ட் போட்டபடி உட்கார்ந்திருந்த ஓட்டுநரின் கால் கிளட்ச்சில் பட்டது. எஞ்சின் உயிர் பெற்றுவிட்டது, ஒரு நகம் போனதோடு தப்பித்தான். தொழில்காரர்களுக்குச் சொல்கிறேன்: சாவியைக் கையில் வாங்காமல் எந்த வண்டியிலும் கையை உள்ளே விடாதீர்கள். ஷார்ட் செய்த சுவிட்ச் கண்ணில் பட்டால், வாடிக்கையாளர் கேட்காவிட்டாலும் சரி செய்து அனுப்புங்கள்.

எஞ்சின் நிற்பது பிடிக்காவிட்டால் அதற்குப் பொத்தான் இருக்கிறது. வட்டமான அம்புக்குள் ஆங்கில 'ஏ' எழுத்து போட்டிருக்கும். அழுத்தினால் அந்தப் பயணத்துக்கு வேலை முடிந்தது. சாவியைத் திருப்பினால் மறுபடி வந்துவிடுகிறதே என்று சலித்துக்கொள்கிறார்கள். மைலேஜ், புகைச் சோதனையை அந்த வசதியோடு செய்து கணக்குக் காட்டியிருப்பதால், வண்டி அப்படித்தான் வெளியே வரும். சீட் பெல்ட் மாதிரி அதையும் கை பழகிக்கொள்ளட்டும். திம்பம் மலைப்பாதையின் 27 கொண்டை ஊசி வளைவுகளையும் லோடோடு ஏறும்போது நானே அழுத்துவேன். கொதித்துக்கொண்டிருக்கும் டர்போவை (எஞ்சினுக்குள் காற்றை அழுத்தி அனுப்பும் சுழலி) ஏறி முடித்த கையோடு அணைப்பது நல்லதல்ல. முழங்கால் தண்ணீரில் ஊர்ந்துபோகும்போதும், சந்தைக்குள் ஆட்களுக்கு நடுவே முன்னும் பின்னும் எடுக்கும்போதும் அழுத்துங்கள். எஞ்சின் நின்றால் ஸ்டியரிங் கனத்துவிடும் வண்டிகள் இன்னும் நிறைய ஓடுகின்றன.

கூடுதல் விளக்கு மாட்டுகிறவர்களிடம் கெஞ்சிக் கேட்கிறேன்: எர்த்தை வண்டியின் பாடியில் கட்டுங்கள். ஒரு போல்ட்தான் வித்தியாசம்.

அந்தத் தக்காளி வண்டிக்கு அதைத்தான் செய்தேன். நான்கு எர்த்தையும் மாற்றி, சாக்கெட்டைச் செருகி, பேட்டரிக்கு இரவு முழுக்கச் சார்ஜ் போட்டேன். காலையில் 12.5 இருந்தது. மூன்று மாதம் பட்டினி கிடந்ததால் பழைய தெம்பு வராது, ஆனால் அடுத்த தீபாவளி வரை ஓடும் என்று சொல்லி, பேட்டரிக் காசைத் திருப்பிப் பையில் வைக்கச் சொன்னேன். ஓட்டுநர் ஏறி உட்கார்ந்து, ஸ்டார்ட் செய்து, என்னைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே அந்த 'ஏ' பொத்தானை அழுத்திவிட்டுத்தான் கிளம்பினார். அதில் எனக்கு ஒரு வருத்தமும் இல்லை.