கடிதமா உருகுகிறது?

'உருக்கமான கடிதம்' என்று செய்தித்தாளில் படிக்கும்போது யாரும் தடுமாறுவதில்லை. ஆனால் சற்று நின்று பார்த்தால் விசித்திரம்தான். கடிதம் எங்கே உருகியது? உருகியவர் அதைப் படித்தவர், எழுதியவரும் உருகியிருக்கலாம். அடைமொழி மட்டும் ஏன் காகிதத்தின் மேல் போய் உட்கார்ந்துகொண்டது?

தமிழில் 'நல்ல', 'பெரிய' போன்ற நேரடிப் பெயரடைகள் குறைவு. மற்றவற்றைப் பெரும்பாலும் பெயர்ச்சொல்லோடு 'ஆன' சேர்த்துச் செய்துகொள்கிறோம்: ஆழமான, அழகான, உருக்கமான. இந்த 'உருக்கம்' எங்கிருந்து வந்தது? வெண்ணெய் தானாக உருகும். பாட்டி அதை உருக்குவார். பார்வைக்கு 'உருக்கம்' இரண்டாவதற்கு நெருக்கம். பொருளிலோ முதலாவதன் பிள்ளை. மயங்குகிறவருக்கு வருவது மயக்கம், கலங்குகிறவருக்குக் கலக்கம், உருகுகிறவருக்கு உருக்கம். மேடையில் பேசிய ஒருவரைப் பற்றித் தலைப்பில் 'நடிகர் உருக்கம்' என்று போடுகிறார்களே, அங்கே அந்தப் பொருள் அப்படியே இருக்கிறது.

சரி, 'ஆன' சேர்ந்ததும் என்ன ஆகிறது? அந்த ஒட்டு இரண்டு பெயர்களை இணைக்குமே தவிர, உணர்ச்சி யாருடையது என்று சொல்லாது. 'மகிழ்ச்சியான குழந்தை' என்றால் மகிழ்வது குழந்தை. 'மகிழ்ச்சியான செய்தி' என்றால் மகிழ்வது நாம். 'உருக்கமான' இதில் ஒரு பக்கமாகச் சாய்ந்துவிட்டது. உருக்கமான பேச்சு, பாட்டு, வேண்டுகோள் உண்டு. 'உருக்கமான குழந்தை' காதில் இடறுகிறது. உருகவைப்பதற்குத்தான் இன்று அந்த அடைமொழி.

உருகுதல் வெறும் கவி அலங்காரமும் இல்லை. மனம் நெகிழும் கணங்களை ஆராயும் மானுடவியலாளர் ஆலன் ஃபிஸ்கே முதலானோர், நெஞ்சில் வெதுவெதுப்பு, கண்ணீர், தொண்டை அடைப்பு, புல்லரிப்பு ஆகியவற்றை அந்த உணர்ச்சியின் அடையாளங்களாகச் சொல்கிறார்கள். அதற்கு 'காம முத' என்று, அன்பால் நெகிழ்தல் என்ற பொருளில், சமஸ்கிருதத்திலிருந்து ஒரு பெயரும் வைத்திருக்கிறார்கள். நம் காதுக்கு வேறு மாதிரி கேட்கும். காமத்துப்பால் படித்தவர்கள் பதற மாட்டார்கள். அந்தப் பாலிலேயே, 1260ஆம் குறளில், தீயிலிட்ட நிணம் (கொழுப்பு) போல உருகும் நெஞ்சம் வருகிறது. வெதுவெதுப்பு என்ன, அடுப்பே எரிகிறது.

அப்புறம் இதன் பங்காளி, 'நெகிழ்ச்சியான'. அகராதியில் இரண்டும் பக்கத்தில் பக்கத்தில் நிற்கும். பழக்கத்தில் அப்படி இல்லை. மகளின் பட்டமளிப்பு விழாவில் கண் கலங்கும் அப்பா நெகிழ்கிறார். அவர் 'உருகினார்' என்றால் ஏதோ துயரம் போலிருக்கும். பிரிவு, இழப்பு, கெஞ்சல் என்றால் உருக்கம். நன்றி, பாராட்டு, எதிர்பாராத அன்பு என்றால் நெகிழ்ச்சி. 'உருக்கமான வரவேற்பு' என்று எழுதினால் ஆசிரியர் குழு திருத்திவிடும், திருத்த வேண்டும்.

இந்தப் பிரிவினை எப்படி வந்திருக்கும்? என் ஊகம், பொருள்களின் நடத்தையிலிருந்து. உருகும் பொருள் தன் வடிவத்தையே இழக்கிறது, அதற்குச் சூடும் வேண்டும். நெகிழும் பொருளுக்கு இறுக்கம்தான் குறைகிறது. 1236ஆம் குறளில் பிரிவால் மெலிந்தவளுக்குத் தொடி (வளையல்) கழல்கிறது, தோள் நெகிழ்கிறது. கட்டு தளர்ந்ததே தவிர ஆள் கரைந்துபோகவில்லை. ஆனால் பாருங்கள், அங்கே நெகிழ்வு வந்தது துயரத்தால். மகிழ்ச்சிப் பக்கம் அது சாய்ந்தது பின்னாளில்தான் இருக்க வேண்டும்.

இரண்டு வினைகளும் ஆலைக்கும் போயிருக்கின்றன. எஃகுக்கு 'உருக்கு', பிளாஸ்டிக்குக்கு 'நெகிழி'. உருக்காலைத் தொழிலாளி ஒருவர் ஓய்வு பெறும் நாளில், கூட வேலை பார்த்தவர்களுக்கு நன்றி சொல்லிக் குரல் தழுதழுத்தால் அது நெகிழ்ச்சியான உரை. அதே மேடையில் 'ஆலையை மூடிவிடாதீர்கள்' என்று அவர் கேட்டிருந்தால், நிருபர் கை தானாகவே 'உருக்கமான' என்று எழுதியிருக்கும்.