பாய்காட்: புறக்கணிப்பா, பகிஷ்காரமா?

ஆட்களையோ சரக்கையோ கூடி மறுப்பதைக் குறிக்கும் 'பாய்காட்' என்ற ஆங்கிலச் சொல் ஓர் ஆளின் பெயரிலிருந்து வந்தது. அயர்லாந்தின் மேயோ மாவட்டத்தில் எர்ன் பிரபுவின் நிலங்களுக்குக் காரியஸ்தராக இருந்தவர் சார்லஸ் பாய்காட். 1880-இல் குத்தகையைக் குறைக்கச் சொன்ன குடியானவர்களை அவர் நிலத்தைவிட்டு வெளியேற்றப் பார்த்தார். யாரும் கை ஓங்கவில்லை. அறுப்புக்கு ஆள் வரவில்லை. கடைக்காரர் சாமான் தரவில்லை. கடைசியில் வெளியூர் ஆட்கள் 50 பேர் பட்டாளக் காவலோடு வந்து பயிரை எடுத்துக் கொடுத்தார்கள். அந்த ஆண்டு முடிவதற்குள் அவர் அயர்லாந்தைவிட்டே போனார்.

இதற்குத் தமிழில் பழைய பத்திரிகைகள் எழுதியது 'பகிஷ்காரம்'. அன்னியத் துணி பகிஷ்காரத்தையும் உள்ளடக்கிய ஒத்துழையாமையை 1920 டிசம்பரில் நாக்பூர் காங்கிரஸ் ஏற்றபோது தலைமை வகித்தவர் நம் சேலம் விஜயராகவாச்சாரியார். வடசொல் என்பதால் தமிழ்நாட்டில் அது வழக்குக் குறைந்து, 'புறக்கணிப்பு' நிலைத்தது. புறம் என்றால் வெளி, முதுகு. கணித்தல் என்றால் மதித்தல். மதிப்புக்கு வெளியே நிறுத்துவது. 'ஒதுக்கி வைத்தல்' இதற்குப் பொருந்தவே பொருந்தாது. அது ஊர் கூடி எளியவரை நசுக்கிய வழக்கத்தின் பெயர்.

ஆனால் புறக்கணிப்பிலும் ஒரு சிக்கல் உண்டு. ஏற்காட்டு மலையூருக்கு ரோடு போடாவிட்டால் 'அரசு புறக்கணிக்கிறது' என்கிறோம். ரோடு கேட்டு ஓட்டுப் போடாவிட்டால் அதுவும் 'தேர்தல் புறக்கணிப்பு'தான். முன்னது கண்டுகொள்ளாமை. பின்னது நன்றாகக் கண்டபின் மறுப்பது.

1977-இல் அமெரிக்காவில் தொடங்கிய நெஸ்லே புறக்கணிப்பு இந்த இரண்டாவது வகை. ஏழை நாட்டு ஆஸ்பத்திரிகளில் நெஸ்லே உள்ளிட்ட பால்மாவு கம்பெனிகள் இலவச டின் கொடுத்தன. நர்ஸ் உடுப்பில் விற்பனைப் பெண்களை அனுப்பின. டின் தீர்வதற்குள் தாய்க்குப் பால் வற்றிவிடும். பிறகு காசுக்கு வாங்க வேண்டும். காசு கட்டுப்படியாகாதபோது மாவைக் குறைத்து, நல்லதல்லாத தண்ணீரில் கரைப்பார்கள். குழந்தைகள் பேதியிலும் ஊட்டமின்றியும் செத்தன. அந்தத் தாய்மாரை ஒருநாளும் பார்த்திராதவர்கள் தங்கள் ஊர்க் கடையில் நெஸ்லே சரக்கை எடுக்காமல் நின்றார்கள். 1981-இல் உலக சுகாதார மன்றம் விற்பனை நெறிமுறை வகுத்தது; எதிர்த்து ஓட்டுப் போட்ட ஒரே நாடு அமெரிக்கா.

இந்தியா 1992-இல் சட்டமே போட்டது. சேலத்து மெடிக்கல் ஷாப்பில் பால்மாவு டின்னைத் திருப்பிப் பாருங்கள்: குழந்தைப் படம் இருக்காது, தாய்ப்பாலே சிறந்தது என்ற வரி இருக்கும்.

கம்பெனிகளைப் பற்றி எழுதும்போது 'நுகர்வோர் புறக்கணிப்பு' என்று சேர்த்தே எழுதுங்கள். பேச்சில் அதுவும் வேண்டாம். 'அவங்க சரக்க வாங்கறத நிறுத்திட்டோம்' போதும்.