'டல்லஸ் பையர்ஸ் கிளப்' கதையைக் கேட்டுவிட்டு மாத்திரையை நிறுத்தியவர்களுக்கு

எச்.ஐ.வி. உள்ளவர்களுக்கு இலவசமாக மருந்து தரும் ஏ.ஆர்.டி. மையத்தில், மருந்து கொடுக்கும் சன்னலுக்குப் பின்னால் நிற்பவனுக்கு, யார் மாத்திரையை ஒழுங்காகச் சாப்பிடுகிறார், யார் சாப்பிடுவதில்லை என்பது மருத்துவருக்கு முன்பே தெரிந்துவிடும். டப்பாவில் மீதமிருக்கும் மாத்திரைகளை எண்ணிப் பார்ப்பது எங்கள் வேலைகளில் ஒன்று. அண்மையில் ஓர் இளைஞர் நீட்டிய டப்பா, வாங்கிச் சென்றபோது இருந்த அளவுக்கே ஏறக்குறைய நிறைந்திருந்தது. பல ஆண்டுகளாக இரத்தத்தில் வைரஸ் கண்டறிய முடியாத அளவுக்குக் கட்டுப்பட்டிருந்தவர் அவர். ஏன் நிறுத்தினீர்கள் என்று கேட்டதற்கு, ஓர் ஆங்கிலப் படத்தின் கதையைப் பத்துப் பன்னிரண்டு நிமிடங்களில் தமிழில் சொல்லி முடிக்கும் காணொளியைக் கைப்பேசியில் காட்டி, "இந்த மருந்துதான் ஆளைக் கொல்லுதுன்னு இதுலயே சொல்றாங்களே சார்" என்றார். இப்படிப்பட்ட காணொளிகளைக் காரணமாகச் சொன்ன முதல் ஆளாக அவர் இருந்திருந்தால் பேசி அனுப்பிவிட்டு என் வேலையைப் பார்த்திருப்பேன். முதல் ஆள் இல்லை என்பதால்தான் எழுதுகிறேன்.

அந்தப் படம் 2013-இல் வெளிவந்த 'டல்லஸ் பையர்ஸ் கிளப்'. அமெரிக்காவில் எய்ட்ஸ் பரவத் தொடங்கிய காலத்தைப் பற்றியது. எலும்பும் தோலுமாக இளைத்து நடித்த மாத்யூ மெக்கானகேவும் உடன் நடித்த ஜாரெட் லெட்டோவும் அதற்காக ஆஸ்கர் பெற்றார்கள். டெக்சாஸ் மாநிலத்து டல்லஸ் நகரில் மின்பணியாளராக இருந்த ரான் வுட்ரூஃப் என்ற உண்மை மனிதரின் வாழ்க்கையை ஒட்டிய கதை. 1985-ஆம் ஆண்டு, அவருடைய இரத்தத்தில் நோயை எதிர்க்கும் சி.டி.4 அணுக்கள் 9 மட்டுமே இருப்பதாகச் சொல்லி, முப்பது நாள் கெடு வைக்கிறார்கள். மருத்துவமனை ஊழியர் ஒருவருக்குக் காசு கொடுத்து, அப்போது சோதனையில் இருந்த, எச்.ஐ.வி.யை எதிர்க்கும் ஏ.இசட்.டி. மருந்தைத் திருட்டுத்தனமாக வாங்கிச் சாப்பிடுகிறார், நிலைமை மோசமாகிறது. எல்லை தாண்டி மெக்சிகோவுக்குப் போகிறார். உரிமம் பறிக்கப்பட்ட ஒரு மருத்துவர், ஏ.இசட்.டி. நஞ்சு என்று சொல்லி வேறு மருந்துகளைத் தருகிறார். அவற்றைக் கடத்தி வந்து, மாதம் 400 டாலர் கட்டணத்தில் ஒரு சங்கம் நடத்தி, தன்னைப் போன்றவர்களுக்குக் கொடுத்து, அரசாங்கத்தோடு மல்லுக்கு நிற்கிறார். உண்மையான வுட்ரூஃப் 1992 செப்டம்பரில் இறந்தார்.

படத்தில் அவர் ஏ.இசட்.டி.யை மதுவோடும் கொக்கெய்னோடும் சேர்த்து விழுங்குகிறார். மருந்தாளுநர் கண்ணுக்கு முதலில் படுவது அதுதான். நான் பார்த்த கதைச்சுருக்கக் காணொளி எதிலும் அது இல்லை.

படத்தின் கோபத்தில் நியாயம் உண்டு என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். லாஸ் ஏஞ்சலிஸ் நகரில் ஐந்து ஆண்களுக்கு ஓர் அரிய நுரையீரல் தொற்று வந்ததாக 1981 ஜூன் 5-ஆம் தேதி வெளியான குறிப்பிலிருந்து, முதல் மருந்துக்கு ஒப்புதல் கிடைத்த 1987 மார்ச் வரை, சாகிறவர்களுக்குக் கொடுக்க வைரஸை எதிர்க்கும் அங்கீகரிக்கப்பட்ட மருந்து ஒன்றுகூட இல்லை. வந்த மருந்தோ ஆண்டுக்கு ஏறத்தாழ 10,000 டாலர் விலையில் வந்தது. எய்ட்ஸ் நோயாளிகளுக்காகப் போராட நியூயார்க்கில் 1987-இல் தொடங்கிய ஆக்ட் அப் இயக்கத்தினர் அடுத்த ஆண்டு அக்டோபரில் அமெரிக்க உணவு மருந்து நிர்வாகத்தின் அலுவலகத்தையே முற்றுகையிட்டார்கள். ஒன்றைக் கவனியுங்கள். மருந்து வேண்டாம் என்பதற்காக அவர்கள் முற்றுகையிடவில்லை. மருந்தைச் சீக்கிரம் கொடு, எங்களையும் சோதனையில் சேர், விலையைக் குறை என்பதற்காக முற்றுகையிட்டார்கள். சாவின் விளிம்பில் நின்றவர்கள் தெருவில் படுத்துக் கேட்டு வாங்கிய பொருளை, இன்று இலவசமாகப் பெற்று அலமாரியில் பூட்டி வைக்கிறோம்.

இனி அந்த 'நஞ்சு' விஷயத்துக்கு வருகிறேன். இதை நிதானமாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் இதில் பாதி உண்மை இருக்கிறது. பாதி உண்மையை மறுப்பதுதான் எனக்கு முழுப் பொய்யை மறுப்பதைவிடக் கடினமாக இருக்கிறது.

1986-இல் நடந்த ஏ.இசட்.டி. சோதனையில் 282 பேர் இருந்தார்கள். 145 பேருக்கு மருந்து. 137 பேருக்கு மருந்தில்லாத வெற்று மாத்திரை. வெற்று மாத்திரை பெற்றவர்களில் 19 பேர் இறந்திருந்தபோது, மருந்து பெற்றவர்களில் இறந்தவர் ஒருவர். இதற்கு மேலும் ஒரு சாராருக்கு வெற்று மாத்திரை கொடுப்பது அறமாகாது என்று சோதனையைப் பாதியிலேயே நிறுத்தினார்கள். மருந்து ஆளைக் கொன்றது என்பவர்கள் இந்த இரண்டு எண்களை மட்டும் மனத்தில் வைத்துக்கொள்ளட்டும்: 19, 1.

ஆனால் அந்தச் சோதனையில் கொடுத்த அளவு என்ன தெரியுமா? நான்கு மணி நேரத்துக்கு ஒருமுறை 250 மில்லிகிராம், நடு இரவிலும் எழுந்து சாப்பிட வேண்டும். ஒரு நாளைக்கு 1,500 மில்லிகிராம். ஏற்கெனவே உடம்பு உருகிப்போனவர்களுக்கு அந்த அளவு எலும்பு மச்சையை அடித்தது. இரத்தசோகை வந்தது, வெள்ளை அணுக்கள் குறைந்தன, பலருக்கு இரத்தம் ஏற்ற வேண்டியிருந்தது. எந்த அளவு போதும் என்று யாருக்கும் தெரியாத காலம் அது. 1990 வாக்கில் அளவைப் பாதிக்கும் கீழே குறைத்தார்கள். இன்றும் பெரியவர்களுக்கு ஜிடோவுடின் தேவைப்பட்டால் காலையில் 300, இரவில் 300, மொத்தம் 600 மில்லிகிராம்தான். ஜிடோவுடின் என்பது அதே ஏ.இசட்.டி.தான். நம் மையங்களில் பல ஆண்டுகள் அதை இன்னும் இரண்டு மருந்துகளோடு சேர்த்துக் கொடுத்திருக்கிறோம். தொடங்கும்போது ஹீமோகுளோபின் பார்ப்போம், குறைந்தால் மாற்றிவிடுவோம். நகம் கறுத்துவிட்டது என்று கையை விரித்துக் காட்டியவர்கள் உண்டு, அதுவும் அந்த மருந்தால் வருவதுதான். அவர்களில் பலர் இன்றும் வந்து மாத்திரை வாங்கிச் செல்கிறார்கள். சாம்பாரில் ஒரு கரண்டி உப்பு போட வேண்டிய இடத்தில் மூன்று கரண்டி போட்டுவிட்டு உப்பையே குற்றம் சொல்வதைப் போன்றதுதான் இந்த நஞ்சு வாதம்.

அளவை விடப் பெரிய சிக்கல், அதைத் தனியாகக் கொடுத்தது. எச்.ஐ.வி. பெருகும்போதெல்லாம் தன்னை மாற்றிக்கொள்ளும் வைரஸ். ஒரே மருந்தை மட்டும் எதிரில் நிறுத்தினால், அதை மீறும் வகை ஒன்று தலையெடுத்துவிடும். அதனால்தான் ஏ.இசட்.டி. தொடக்கத்தில் கொடுத்த பலன் பிறகு மங்கியது. அறிகுறி தோன்றுமுன்பே அதை மட்டும் தொடங்குவதால் ஆயுள் கூடுவதில்லை என்று 1990-களின் தொடக்கத்தில் ஐரோப்பாவில் நடந்த பெரிய ஆய்வொன்றும் காட்டியது. 1996-இல் மூன்று மருந்துகளைச் சேர்த்துக் கொடுக்கும் முறை பரவலானது. அடுத்த ஓராண்டிலேயே அமெரிக்காவில் எய்ட்ஸ் சாவுகள் ஏறத்தாழ பாதியாகக் குறைந்தன. அந்த மூன்றில் ஒன்றாகப் பலருக்கும் கொடுக்கப்பட்டது, படத்தில் வில்லனாக வரும் ஏ.இசட்.டி.தான்.

அதற்கு முன்பே, 1994-இல், அதைத் தனியாகக் கொடுத்தே ஒரு பெரும் காரியம் நடந்தது. கர்ப்பிணிகளுக்கும் பிறந்த குழந்தைகளுக்கும் ஏ.இசட்.டி. கொடுத்தபோது, தாயிடமிருந்து குழந்தைக்குத் தொற்றும் விகிதம் 25.5 விழுக்காட்டிலிருந்து 8.3 விழுக்காடாக இறங்கியது. ஊசி குத்திக்கொண்ட மருத்துவப் பணியாளர்களுக்கு உடனே கொடுத்தபோது தொற்றும் வாய்ப்பு ஏறத்தாழ 80 விழுக்காடு குறைந்ததாகவும் பின்னர் தெரிந்தது. நஞ்சு என்றால் பச்சைக் குழந்தைக்கு எப்படிக் கொடுப்பார்கள் என்று யாராவது கேட்டால்தானே!

படத்தில் நாயகன் தூக்கிப் பிடிக்கும் மருந்துகள் என்னவாயின என்பதையும் இந்தக் காணொளிகள் சொல்வதில்லை. பெப்டைட் டி என்ற மருந்து பின்னாளைய ஆய்வுகளில் பயன் நிரூபிக்கப்படாமல் போனது; உணவு மருந்து நிர்வாகத்தின் ஒப்புதல் அதற்குக் கிடைக்கவே இல்லை. டி.டி.சி. எனப்பட்ட சால்சிடாபைனுக்கு 1992-இல் ஒப்புதல் கிடைத்தது. எதோடு சேர்த்துக் கொடுக்க? ஏ.இசட்.டி.யோடு சேர்த்துக் கொடுக்க! இரண்டும் ஒரே வகை மருந்துகள், வைரஸின் ஒரே நொதியைத் தடுப்பவை. கைகால் நரம்புகளைப் பாதித்ததாலும், அதைவிட நல்ல மருந்துகள் வந்துவிட்டதாலும், 2006-இல் சந்தையிலிருந்தே அது விலக்கப்பட்டது. ஏ.இசட்.டி. இன்றும் இருக்கிறது. இருந்தாலும் வுட்ரூஃபின் வாழ்க்கையைப் பொய் என்று சொல்ல மாட்டேன். ஒன்றுமே இல்லாத காலத்தில் கிடைத்ததைப் பற்றிக்கொண்டு, முப்பது நாள் என்றவர்கள் முன்னால் ஏழு ஆண்டுகள் வாழ்ந்து காட்டிய மனிதர். அவருக்கு வேறு வழி இல்லை. நமக்கு இருக்கிறது.

எனக்கு மிகவும் எரிச்சலூட்டுவது இதுதான். அந்தப் படம் முடியும்போது திரையில் எழுத்துகள் வருகின்றன. குறைந்த அளவு ஏ.இசட்.டி. பின்னாளில் கூட்டு மருந்துகளில் பரவலாகப் பயன்பட்டு, பல பத்து லட்சம் உயிர்களைக் காப்பாற்றியது என்ற பொருளில் படமே சொல்லிவிடுகிறது. படம் எடுத்தவர்களுக்கு அது தெரிந்திருந்தது. ஆனால் கதைச்சுருக்கம் சொல்பவருக்கு நாயகன் செத்ததோடு கதை முடிந்துவிடுகிறது. விருப்பக்குறி இடச் சொல்லிவிட்டு அடுத்த படத்துக்குப் போய்விடுகிறார். இரண்டு மணி நேரப் படத்தில் ஒரு நோயாளிக்கு மிகவும் தேவையான ஒற்றை வரி அங்கே வெட்டுப்படுகிறது.

இதெல்லாம் வெறும் சினிமாப் பேச்சுதானே என்று நினைப்பவர்கள் தென்னாப்பிரிக்காவின் கதையை அறிய வேண்டும். 1999-இல் அந்நாட்டு அதிபர் தாபோ எம்பெக்கி, ஏ.இசட்.டி. நச்சுத்தன்மை கொண்டது என்று நாடாளுமன்ற அவையிலேயே பேசினார். அவருடைய சுகாதார அமைச்சர் பூண்டையும் பீட்ரூட்டையும் எலுமிச்சையையும் பரிந்துரைத்தார். மருந்து தருவதைத் தள்ளிப்போட்டுக்கொண்டே போனார்கள். கர்ப்பிணிகளுக்கான மருந்துக்கே நோயாளிகளின் இயக்கம் 2002-இல் அரசியலமைப்பு நீதிமன்றம் வரை போய் உத்தரவு வாங்க வேண்டியிருந்தது. 2000-க்கும் 2005-க்கும் இடையில் இந்தத் தாமதத்தால் போன உயிர்கள் 3,30,000-க்கும் மேல் என்று ஹார்வர்டு ஆய்வாளர்கள் பின்னர் மதிப்பிட்டார்கள். அங்கே நாட்டை ஆண்டவர்கள் நம்பியதும் இங்கே கைப்பேசியில் ஓடுவதும் ஒரே வாதம்.

நம் மையத்துக்கு வருபவர்களுக்கு இன்னொரு செய்தி. இப்போது தொடங்கும் பெரும்பாலான பெரியவர்களுக்குக் கொடுப்பது டெனோஃபோவிர், லாமிவுடின், டோலுடெக்ராவிர் மூன்றும் அடங்கிய ஒரே மாத்திரை, நாளுக்கு ஒன்று. அதில் ஏ.இசட்.டி. இல்லவே இல்லை. என்னிடம் காணொளி காட்டிய இளைஞர், தான் சாப்பிடாத ஒரு மருந்துக்குப் பயந்து, சாப்பிட்டுக்கொண்டிருந்த மருந்தை நிறுத்தியிருக்கிறார். டப்பாவின் மேல் எழுதியிருப்பதைப் படித்துக் காட்டிய பிறகுதான் அவருக்கே அது புரிந்தது.

ஆகவே சில சொற்கள், கொஞ்சம் கண்டிப்பாகவே. மாத்திரையை நீங்களாக நிறுத்தாதீர்கள். நிறுத்தினால் சில வாரங்களில் வைரஸ் திரும்ப ஏறும். விட்டு விட்டுச் சாப்பிட்டால் மருந்து எதிர்ப்பு உருவாகும். ஹெபடைடிஸ் பி-யும் உள்ளவர்கள் இந்த மாத்திரையைத் திடீரென்று நிறுத்தினால் கல்லீரல் கடுமையாகப் பாதிக்கப்படலாம், ஏனென்றால் இதிலுள்ள இரண்டு மருந்துகள் அந்த வைரஸையும் அடக்கி வைத்திருக்கின்றன. ஒரு நாள் மறந்துவிட்டால் நினைவு வந்ததும் சாப்பிடுங்கள். மறுநாள் இரண்டாகச் சேர்த்து விழுங்க வேண்டாம். வயிற்றெரிச்சலுக்குக் குடிக்கும் ஆன்டாசிட் மருந்தை இந்த மாத்திரையோடு சேர்க்காதீர்கள். இதைச் சாப்பிட்டு இரண்டு மணி நேரமாவது கழிந்தபின் அதைக் குடியுங்கள். இரும்புச்சத்து, கால்சியம் மாத்திரைகளை வெறும் வயிற்றில் இதோடு சேர்க்கக் கூடாது. சர்க்கரைக்கு மெட்ஃபார்மின் சாப்பிடுபவர்களும், காச நோய்க்கு ரிஃபாம்பிசின் தொடங்கியவர்களும் எங்களிடம் சொல்லியே ஆக வேண்டும். அளவை மாற்ற வேண்டியிருக்கும். தனியார் மருத்துவரிடம் காச நோய்க்கு மருந்து வாங்கிக்கொண்டு, எச்.ஐ.வி. இருப்பதை அவரிடமும் சொல்லாமல் எங்களிடமும் சொல்லாமல் இருப்பவர்களை என்ன செய்வது?

பக்கவிளைவு இருந்தால் மறைக்காதீர்கள். தூக்கம் கெடுகிறதா, எடை கூடுகிறதா, சிறுநீரகப் பரிசோதனையில் கிரியாட்டினின் ஏறியிருக்கிறதா, வந்து சொல்லுங்கள். மாற்று மருந்துகள் உண்டு. வுட்ரூஃப் காலத்தில் மருந்து ஒத்துக்கொள்ளாதவருக்குப் போக்கிடம் மெக்சிகோ. உங்களுக்குப் போக்கிடம் அடுத்த அறையில் இருக்கும் மருத்துவர்.

வீட்டில் யாரும் பார்த்துவிடக் கூடாது என்று சிலர் மாத்திரைகளைப் பழைய சிறு டப்பாவிலும் காகிதப் பொட்டலத்திலும் மாற்றி வைக்கிறார்கள். அந்தப் பயம் எனக்குப் புரிகிறது. ஆனால் ஈரம் பட்டால் மாத்திரை கெடும். லேபிளைக் கிழித்துவிட்டு அதே டப்பாவில் வையுங்கள், உள்ளே இருக்கும் ஈரம் உறிஞ்சும் சிறு பையை எறியாதீர்கள். வேலைக்காக வெளியூர் போகிறவர்கள் முன்கூட்டியே சொன்னால், அங்குள்ள மையத்தில் வாங்கிக்கொள்ள ஏற்பாடு செய்வோம். உங்கள் நிலையை உங்கள் ஒப்புதல் இல்லாமல் வெளியே சொல்வதை 2017-ஆம் ஆண்டு எச்.ஐ.வி. சட்டம் பொதுவாகத் தடை செய்கிறது. எங்களுக்கும் அது பொருந்தும்.

ஏற்கெனவே நிறுத்திவிட்டவர்கள், திட்டுவார்களோ என்று நினைத்து வராமல் இருக்க வேண்டாம். மீதி மாத்திரைகள் எத்தனை இருந்தாலும் டப்பாவோடு வாருங்கள், எண்ணை மறைப்பதற்காகக் குப்பையில் கொட்டிவிட்டு வராதீர்கள். எத்தனை நாள் விட்டுப்போனது என்பது தெரிந்தால்தான் வைரஸ் அளவை எப்போது பார்ப்பது, அதே மாத்திரையைத் தொடர்வதா என்று மருத்துவர் முடிவெடுக்க முடியும். நேரில் வருமுன் பேசிப் பார்க்க விரும்பினால் 1097 என்ற எண்ணை அழையுங்கள். கட்டணம் இல்லை, தமிழிலேயே பேசலாம், பெயர் சொல்ல வேண்டியதில்லை.